விட்டத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண் விழித்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் நாலு பேர் இருக்கும்போதே என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார். அப்படிப்பட்டவளுக்கு எழுபதுகளின் நடுவில் அரசாங்க வேலை கிடைத்தது. உட்காரக் கொடுத்த இடம், திருவண்ணாமலையில் ஒரு பழைய கோர்ட் கட்டடத்தில், பின்சுவரை ஒட்டிய ஒரு மேஜை. எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கட்டடம் இன்று அந்த உருவத்தில் இல்லை, அதில் இருந்தவர்களில் பாதிப் பேரும் இல்லை.

என் வேலை நகல் எடுப்பது. தீர்ப்பு, மனு, சாட்சி சொன்னது என்று யார் எதற்கு நகல் கேட்டாலும் அதை டைப் அடிக்க வேண்டும். பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, ‘ஒப்பிட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சர்வே நம்பர் மாறினால் ஒருத்தன் கிணறு இன்னொருத்தன் நிலத்துக்குப் போய்விடும் என்று முதல் நாளே ஹெட் கிளார்க் சொல்லி வைத்தார். ஏற்கெனவே பயந்தவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. முன்பக்கம் ஏழு படி, ஏறினால் உருண்டைத் தூண்கள் வைத்த நீள வராந்தா. வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் சாய்ந்து சாய்ந்து தூண்களில் முதுகு உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருக்கும். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஒரு மாதத்தில் அது திரும்ப வந்துவிடும். வராந்தாவைத் தாண்டினால் கோர்ட் ஹால். சுவர்கள் அவ்வளவு அகலம் என்பதால் ஜன்னல் கட்டையில் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம், மதிய இடைவேளையில் வக்கீல் குமாஸ்தாக்கள் தூங்கியும் இருக்கிறார்கள். உயரத்தில் வெளிச்சத்துக்காகச் சின்ன ஜன்னல்கள், அவற்றை இழுத்துத் திறக்க நீளக் கயிறுகள்.

ஹாலின் ஒரு கோடியில் மேடை, அதில் நீதிபதியான முன்சீப்பின் நாற்காலி. சாட்சிக் கூண்டுக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னல் வைத்திருந்தார்கள். கூண்டில் ஏறியவன் முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் விழும், முன்சீப்பின் முகம் நிழலில் இருக்கும். பொய் சொல்ல வந்தவனுக்கு எதிரில் இருப்பவர் நம்புகிறாரா இல்லையா என்றே தெரியாது. அதை யோசித்துக் கட்டியவன் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்வேன்.

கூரை பழைய முறை. தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து இடித்து மெழுகிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கோடையிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நூறு வருஷம் நிற்கும் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நூறு வருஷம் எப்போது முடிகிறது என்று நான் ஒருத்திதான் கணக்குப் போட்டேன்.

ரிகார்டு ரூமில் இந்தக் கட்டடத்துக்கென்றே ஒரு கட்டு உண்டு. பழைய ரிப்பேர் உத்தரவுகள், வரைபடங்கள், ஓலைப்பாய் வாங்கிய கடிதம் வரைக்கும் அதில் இருக்கும். வேலை இல்லாத மத்தியானங்களில் அதை எடுத்துப் படிப்பேன். முதலில் ஹாலும் வராந்தாவும் மட்டும்தான் இருந்திருக்கின்றன. வழக்குகள் பெருகியதும் ஹாலின் பின்சுவரை இடித்து, நாலு கஜம் தள்ளிப் புதுச் சுவர் எழுப்பி, விட்டங்களை நீட்டி அதன் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய சுவர்கள் சுண்ணாம்பில் கட்டியவை. பின்னால் வந்த சுவர் மண் சாந்தில் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என் மேஜை அந்தப் பின்னால் வந்த சுவரை ஒட்டி இருந்தது. அதைப் படித்த அன்று முதல் அந்தச் சுவரில் சாய்வதை விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகுதான் விரிசல் தெரிந்தது. விட்டம் சுவரில் நுழைகிற இடத்திலிருந்து சாய்வாகக் கீழே இறங்கியது, மெல்லிசாக, ஒரு தலைமுடி கனத்துக்கு. நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னபோது ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு காயறப்ப வர்றதுமா, உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்” என்றார். ஆனாலும் ஆள் நேர்மையானவர், எழுதவேண்டிய கடிதத்தை எழுதினார். அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர் சித்திரை மாதம் வந்தார்.

சின்ன வயது ஓவர்சியர். ஆட்களும் ஏணியும் கொண்டுவந்து, விரிசலின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டினார். பக்கத்தில் சுவரில் சிவப்பு பெயிண்டால் தேதி போட்டார். கண்ணாடி வளையாது, இழுபடாது. விரிசல் கொஞ்சம் விரிந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். இதை ஹெட் கிளார்க்கிடம் இங்கிலீஷில் விளக்கினார், பக்கத்து மேஜையில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. டபேதாரைக் கூப்பிட்டு விளக்கவில்லை. அவரிடம் சொன்னது இவ்வளவுதான்.

“யோவ், இத யாரும் தொடக் கூடாது. ஒடைஞ்சுது, உன்னத்தான் கேப்பேன்.”

“சரிங்க சார்” என்றார் டபேதார்.

டபேதார் என்றால் முன்சீப்புக்கு முன்னால் நடந்துபோகிற ஊழியர். வெள்ளை உடை, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வழக்கு நம்பர் வந்ததும் வராந்தாவுக்குப் போய்க் கட்சிக்காரர் பேரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பிடலுக்குள் வராதவன் வழக்கு போச்சு. அவர் குரல் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குள் இருப்பவனையும் எழுப்பிவிடும். மற்றபடி ஒரு வார்த்தை கூடப் பேசாத மனிதர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கட்டடத்தைத் திறந்து பெருக்குவதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீளக் கம்பால் ஒட்டடை அடிப்பதும், வழக்குச் சாமான்கள் வைக்கிற அறையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அந்த அறையில் அரிவாளும் திருட்டுக் குடமும் ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி இருக்கும். கோர்ட்டுக்குள் வந்த எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் நாற்காலியில் உட்காரும் முன் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்ப்பேன். முழுசாக இருக்கும். அப்பாடா என்று டைப்ரைட்டரின் உறையை எடுப்பேன். ஓவர்சியர் மாதம் ஒரு தடவை வருவார், டார்ச் அடித்துக் கீழேயிருந்து பார்ப்பார். ரிகார்டு ரூம் ஏணியைக் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டால், “வேணாம்மா, இங்கிருந்தே நல்லா தெரியுது” என்பார். அசைவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று அந்தச் சீட்டுகள் கட்டடக் கட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் ஜாஸ்தி மழை. தளத்தில் தண்ணீர் தேங்கி, விட்டங்களில் இருந்து ஒரு ஈர வாசனை வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. எனக்கே என் பயம் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எறும்பைப் பார்த்தேன்.

ஜன்னல் கட்டையிலிருந்து சுவரோரமாக ஒரு வரிசை, சின்னச் சிவப்பு எறும்புகள். எங்கே போகின்றன என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். சுவரில் ஏறி, விரிசலைத் தாண்டி, நேராகக் கண்ணாடித் துண்டின் முனைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே மொய்த்துக்கொண்டிருந்தன. சிமெண்டில் எறும்புக்கு என்ன வேலை? டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினேன். எறும்பு மொய்க்கிற பசை ஒன்று எங்கள் ஆபீஸில் உண்டு. கட்டுகளுக்குச் சீட்டு ஒட்ட மைதா மாவில் காய்ச்சுவது. அதில் மயில்துத்தம் போட மறந்துவிட்டால் இரண்டே நாளில் எறும்பு வந்து காகிதத்தையே அரித்துவிடும். பசையைக் காய்ச்சுகிறவர் டபேதார்.

எல்லோரும் போகும்வரை காத்திருந்து அவரிடம் போனேன்.

“டபேதார் அண்ணா, அந்தக் கண்ணாடிய யாரு ஒட்டினது?”

“ஓவர்சியர் சார்தாம்மா.”

“அது சிமெண்ட் இல்ல. மைதா பசை.”

அவர் முகம் வெளுத்துப்போனது. அப்புறம் சாமான் அறையைத் திறந்து, ஒரு மூலையிலிருந்து மூன்று காகிதப் பொட்டலங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு சீட்டு. சீட்டில் கோணல்மாணலாக அவர் கையெழுத்தில் தேதி. உள்ளே இரண்டாக உடைந்த கண்ணாடித் துண்டுகள்.

“ஒட்டட அடிக்கறப்ப கம்பு பட்டு ஒடைஞ்சிருக்கும்மா. வெள்ளிக்கெழம அடிச்சிட்டுப் போனேன், திங்கக்கெழம வந்து பாத்தா ரெண்டா நிக்குது. ஒடைஞ்சா உன்னத்தான் கேப்பேன்னு சொன்னாரில்ல? கோயில் வேல செய்யற கொத்தனார் கிட்ட ஒரு கை சிமெண்ட் வாங்கி, போட்டோ கடையில ஒரு துண்டு கண்ணாடி வாங்கி, காலைல ஏணி போட்டு ஒட்டிட்டேன். மறுபடியும் ஒடைஞ்சுது. கம்ப எவ்ளோ ஜாக்கிரதையா புடிச்சாலும் ஒடையுது. மூணாவது வாட்டிக்கு அப்புறம் சிமெண்டே வேணாம்னு பசையில ஒட்டினேன். பசைன்னா கொஞ்சம் கொடுக்கும் பாருங்க, கம்பு பட்டாலும் ஒடையாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் லேசாக ஒரு பெருமை கூட இருந்தது. ஒரு மாதமாக அது உடையவே இல்லையாம்.

நான் பொட்டலங்களைத் தேதிப்படி வரிசையாக வைத்தேன். ஓவர்சியர் சித்திரையில் ஒட்டியது ஆடியில் உடைந்திருக்கிறது, மூன்று மாதம் தாங்கியிருக்கிறது. இரண்டாவது புரட்டாசியில், இரண்டு மாதம் கூட இல்லை. மூன்றாவது ஐப்பசி ஆரம்பத்தில், மூன்றே வாரம். அதற்குப் பிறகுதான் பெரிய மழை பெய்தது. அதற்குப் பிறகு பசை. சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் பசை வழுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். அந்த ஒரு மாதம் முழுக்க நான் அதைப் பார்த்து அப்பாடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஒடைக்கல அண்ணா” என்றேன். “உங்க கம்பு படவே இல்ல. சுவரு நகருது. அதுதான் ஒடைச்சிருக்கு. அது ஒடையணும்னுதான் வெச்சதே.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. உடைவதற்காக ஒரு பொருளை வைப்பார்களா என்று என் முகத்தையே பார்த்தார். விளங்கியதும் மெல்ல மேலே பார்த்தார், கூரையை. “அப்ப மேல...?” என்றார்.

மேல என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே புரிந்தது. தீபம் ஏற்றுகிற மலை ஊருக்கெல்லாம் தெரியும் என்றாலும் எங்கள் காம்பவுண்டில் நின்றால் தெரியாது. மேற்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் மறைத்துக்கொண்டு நிற்கும். கோர்ட்டு மொட்டைமாடியில் ஏறினால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதனால் வருஷா வருஷம் தீபத்தன்று சாயங்காலம் முன்சீப் வீட்டார், வக்கீல்கள் வீட்டார், ஊழியர்கள் வீட்டார் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு அந்த மாடியில் கூடுவது வழக்கம். நூறு பேருக்குக் குறையாது. ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் டபேதார் தன் கோர்ட்டுக் குரலில் “அண்ணாமலையாருக்கு” என்று மூன்று தடவை கூப்பிடுவார், எல்லோரும் “அரோகரா” என்பார்கள். போன வருஷம் என் மகள், அப்போது நாலு வயது, தீபத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அந்தத் தளத்தில் குதிகுதியென்று குதித்தாள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உடனே எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மான்னு கேக்கத்தான் இருந்தேன்” என்றார் அவர். “தை மாசம் ரிடையர் ஆவறேன். இத்தினி வருஷத்துல எம்பேர்ல ஒரு மெமோ கெடையாது.”

நான் மூன்று பொட்டலங்களையும் என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். டபேதார் பேரைச் சொல்லாமல் எறும்பைப் பற்றி மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “இன்னாமா நீ, எறும்பப் பாத்துக் கோர்ட்ட மூடச் சொல்றியா? ஓவர்சியர் போன வாரம்தான் அசைவு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார். முன்சீப் ஐயா வீட்டுக்கு மதுரையிலருந்து விருந்தாளிங்க வந்துட்டாங்க, மாடிய கழுவி வெக்கச் சொல்லியாச்சு. தீபம் முடியட்டும், பாத்துக்கலாம்.” தீபம் முடியட்டும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓவர்சியரை வரவழைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஓவர்சியரைத் தேடி அவர் ஆபீஸுக்குப் போனால், தீபத்துக்குத் தடுப்புக் கட்டுகிற இடத்தில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால் கிரிவலப் பாதைக்குப் போய்விட்டார் என்றார்கள். பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் முட்டி மோதி அன்று பொழுது போனதுதான் மிச்சம். தீபத்தன்று காலையில் தேரடியில், சவுக்குக் கம்பு கட்டும் ஆட்கள் நடுவில் அவரைப் பிடித்தேன். மூன்று பொட்டலங்களையும் என் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சீட்டுகளைப் படித்தார். பொட்டலங்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார், “மூணு மணிக்கு வர்றேன்” என்றார்.

மூன்று மணிக்கு வந்தார். அன்று கோர்ட் விடுமுறை, நானும் டபேதாரும் மட்டும் இருந்தோம். மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இந்தத் தடவை ரிகார்டு ரூம் ஏணியில் அவரே ஏறினார். பேனாக்கத்தியால் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டதும் அது அப்படியே கையோடு வந்துவிட்டது, பசையும் எறும்புமாக. அதற்குப் பின்னால் இருந்த விரிசலுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். நகம் முழுக்க உள்ளே போனது. இறங்கி வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏழு சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன்மா” என்றார். “அசைவு இல்லைன்னு. என் கையெழுத்து.”

“இப்ப அது முக்கியமா சார்? ஆள் வர ஆரம்பிச்சிட்டாங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டைப்ரைட்டரைத் தூக்கிப் போடலாம் போல இருந்தது. வெளியே பெண்கள் பேச்சும் குழந்தைகள் ஓடுகிற சத்தமும் கேட்டன. யாரோ ஒரு தட்டில் பொரி உருண்டை கொண்டுவந்திருந்தார்கள். நான் வராந்தாவுக்கு ஓடி, மாடிக்குப் போகாதீர்கள், விரிசல் இருக்கிறது என்றேன். வக்கீல் வீட்டம்மா ஒருத்தி என் தோளைத் தட்டி, “வருஷா வருஷம் ஏறறோம், ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

படிக்கட்டு கட்டடத்தின் வெளிப்புறத்தில், ஓர் ஆள் மட்டும் ஏறுகிற அகலத்தில் இருந்தது. அதன் அடியில் டபேதார் நின்றுகொண்டிருந்தார். விடுமுறை நாளில் வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப் போக யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே ஐம்பது அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். முன்சீப் தன் விருந்தாளிகளோடு வந்தார். வழி விடு என்பது போலக் கையைக் காட்டினார்.

டபேதார் நகரவில்லை. எத்தனையோ வருஷமாக முன்சீப்புகளுக்கு முன்னால் நடந்து வழி விலக்கிவிட்ட மனிதர்.

“ஐயா, மேல போகக் கூடாதுங்க. சுவரு விட்டுப்போச்சு. ஓவர்சியர் வெச்ச கண்ணாடிய நான்தான் மூணு வாட்டி ஒடைச்சேன். ஒடைச்சிட்டு பசையில ஒட்டி மறைச்சிட்டேன். தப்பு என்னுதுங்க.”

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். நீங்க ஒடைக்கல என்று இரண்டு நாள் முன்னால் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவருக்கு அது தெரியும். ஆனால் சுவர் நகருகிறது என்றால் முன்சீப் ஆராய்ச்சி பண்ணுவார், ஓவர்சியரின் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள், அதற்குள் ஆறு மணி ஆகிவிடும். நான் தப்புப் பண்ணினேன் என்று ஒருத்தன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதை அவர் தினமும் பார்த்தவர்.

முன்சீப் திரும்பி, வராந்தாவில் வந்து நின்ற ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். முன்சீப் தன் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். ஆறு மணிக்கு ஊர் முழுக்க அரோகரா சத்தம் எழும்பியது. தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் வானம் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. டபேதார் படிக்கட்டை விட்டு வரவில்லை. அந்த வருஷம் அவர் கூப்பிடவும் இல்லை.

கட்டடம் அன்று விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், “இன்னாமா, கோர்ட்டு இன்னும் நிக்குதா?” என்று கேட்டார்கள். கோர்ட்டை வாடகைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மார்கழியில் தளத்தைப் பிரித்தபோது நான் கட்டுகளை எடுக்கப் போயிருந்தேன். என் மேஜைக்கு மேலே இருந்த விட்டத்தின் முனையை, சுவருக்குள் இருந்த பாகத்தை, ஒரு கூலிக்காரர் கையால் தொட்டார். அது விட்டமே இல்லை. உள்ளே முழுக்கக் கரையான் தின்று, பெயிண்ட் பூசிய தோல் மட்டும் நின்றிருந்தது. அவர் கை முழங்கை வரைக்கும் உள்ளே போய், ஒரு பிடி மாவை அள்ளிக்கொண்டு வந்தது. நான் வெளியே ஓடி வந்து வாந்தி எடுத்தேன்.

டபேதாருக்கு மெமோ வந்தது. ஓவர்சியர் வைத்த கண்ணாடித் துண்டுகளை உடைத்து, அதை மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. டைப் அடித்தது நான். ஹெட் கிளார்க் தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தார். “முன்சீப் முன்னாடி அவனே ஒத்துக்கிட்டான், நான் இன்னா பண்ண முடியும்?” என்றார். ஓவர்சியர் எழுதிய ஏழு சீட்டுகளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மெமோவைப் படித்துக் காட்டியதும் டபேதார் சிரித்தார். “சொன்னாரில்லம்மா, உன்னத்தான் கேப்பேன்னு” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பதில் நான் எழுதித் தருகிறேன், கண்ணாடி தானாக உடைந்தது என்று எழுதுவோம், கரையான் விட்டத்தை எல்லோரும் பார்த்தார்கள், ஓவர்சியரும் மறுக்க முடியாது என்றேன். அவர் கேட்கவில்லை.

“வேணாம்மா. முன்சீப் ஐயா மின்னாடி ஒரு தபா சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா பொய்யின்னுதான் நெனப்பாங்க. எத்தினி பேர் மாத்திச் சொல்லி மாட்டிக்கிட்டத பாத்திருக்கேன்.”

அவர் சொன்னபடியே அடித்தேன். நான்தான் உடைத்தேன், மன்னிக்க வேண்டும் என்று. கடைசியில் அவர் கையெழுத்து, பொட்டலச் சீட்டுகளில் இருந்த அதே கோணல் எழுத்து. கடுமையான எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த எச்சரிக்கையோடு தையில் ரிடையர் ஆனார்.

எண்பதுகளில் கட்டடத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டுக் கோர்ட் திரும்பி வந்தது. அப்போது கட்டடத்தின் வரலாறு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். பழைய கட்டை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை நகல் எடுத்தேன். ஹால் கட்டியது, சுவரைத் தள்ளி வைத்தது, ஓலைப்பாய் வாங்கியது, அசைவு இல்லை என்று ஏழு சீட்டு. அதற்குப் பிறகு அந்த விரிசலைப் பற்றி அந்தக் கட்டில் இருந்தது ஒரே ஒரு காகிதம், டபேதார் கண்ணாடியை உடைத்து மறைத்தார் என்பது. கரையான் பற்றி ஒரு வரி இல்லை. படிக்கட்டில் அவர் நின்றதைப் பற்றியும் இல்லை. நகலை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஓர் எழுத்து மாறவில்லை. ‘ஒப்பிட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.